திருட்டுச் சுத்து

அந்தப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் இறுக்கிய சைக்கிள் பல்லைக் கழற்ற இன்னொருத்தர் பிறந்து வரவேண்டும் என்று எவரோ ஒருநாள் சொல்லிவைக்க, அன்றிலிருந்து இடுக்கி என்றே ஆகிவிட்டது. வண்டி ஓட்டுகிற சின்ன வயதுக்காரர்கள் இடுக்கியக்கா என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியில் காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

கடிதங்களையும் பொட்டலங்களையும் ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பின்புறத்தில் இருந்தது பட்டறை. அங்கே ஓடிய சைக்கிள்களில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரத்தின் ஹப்பில் மரையோடு நேராகத் திருகிய ஒற்றைப் பல்சக்கரம்தான்; பட்டறையில் அதைப் பல் என்பார்கள். சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். மிதிக்கும்போது பல் தானாக இறுகும். காலால் தடுக்கும்போது அதே பல் கழன்றுகொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க மேலே ஒரு பூட்டு வளையம், எதிர்மரையில். ஆனால் பல்லைச் சரியாக இறுக்காமல் வளையத்தை மட்டும் நம்பினால், என்றைக்காவது ஒரு நாற்சந்தியில் இரண்டும் சேர்ந்து மரையைச் சுரண்டிக்கொண்டு வந்துவிடும்.

இறுக்குவதற்கு உள்ள கருவியைச் சாட்டை என்பார்கள். நீளமான இரும்புப் பட்டையின் நுனியில் பழைய சங்கிலித் துண்டு ஒன்றை அறைந்திருப்பார்கள். சங்கிலியைப் பல்லில் சுற்றிக்கொண்டு, பட்டையைப் பிடித்து அழுத்தினால் பல் திரும்பும். சாட்டை இல்லாதவர்கள் என்னென்னவோ செய்வார்கள். பல்லை லேசாகத் திருகிவிட்டு, மேட்டுச் சாலையில் எழுந்து நின்று மிதித்து இறுக்குவார்கள். வளையத்தின் வெட்டில் உளியை வைத்துச் சுத்தியால் தட்டுவார்கள். பல்லை மேசையில் பதித்த வைஸில் கடிக்கக் கொடுத்துவிட்டு, சக்கரத்தை ஸ்டியரிங் போலப் பிடித்துத் திருப்புவார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பாக வரும். "பல்லுக்கு உளி வைக்கறவன் பல் டாக்டர்கிட்டயும் அப்படித்தான் வாயத் திறப்பானா?" என்று கேட்பாள்.

தொழிலை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு சைக்கிள் கடையில் டியூப் ஒட்டும் வேலைக்குப் போனாள். மெக்கானிக்குகள் வேண்டாமென்று எறிந்த ஹப்புகளை வீட்டுக்கு எடுத்துவந்து கட்டிலுக்கடியில் சேர்த்துவைப்பாள். பிரிப்பாள், மாட்டுவாள், மறுபடி பிரிப்பாள். அவள் கணவர் பஸ் ஓட்டுநர். ஊரையே ஏற்றிக்கொண்டு போகிற அவர், சொந்த சைக்கிள் வீட்டில் பிரிந்து கிடந்ததால் டிப்போவுக்குப் பல நாள் நடந்தே போயிருக்கிறார்.

இந்தப் பட்டறைக்கு வந்தபோது அவளுக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். அது அங்கே வழக்கம். புதிதாக வருகிறவர் சாட்டையால் ஒரு பல்லை இறுக்க வேண்டும். பழைய ஆட்கள் ஒவ்வொருத்தராக அதே சாட்டையால் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள். கழன்றுவிட்டால் சங்கிலி கழுவப் போக வேண்டியதுதான். பெண்பிள்ளை என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தொங்கிப் பார்த்தார்கள். கடைசியாக வந்தவர் தொங்கியதில் சாட்டையின் ஆணி தெறித்துவிட்டது, பல் அசையவில்லை. அந்தப் பழைய ஆட்கள் இப்போது யாரும் அங்கே இல்லை. அவள் இருந்தாள், பெயரும் இருந்தது.

அந்த ஆட்களிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒரு இளக்காரம். சாட்டையே இல்லாமல் பல்லைத் திருப்ப இன்னொரு வழி உண்டு. சைக்கிளைத் தூக்கி மாட்டி, சங்கிலியை முன்பல்லிலிருந்து இறக்கி, பெடல் அச்சு ஓடுகிற குழலைச் சுற்றி ஒரு சுற்று போட்டு, சங்கிலி தன்மேல் தானே சிக்கும்படி செய்துவிட வேண்டும். மறுமுனை பின்பல்லின் மேலே இருக்கும். பிறகு பின்சக்கரத்தைக் கையால் பின்பக்கமாக இழுத்தால் போதும். பல் அசையாது, ஹப் அதற்குள் திருகிக்கொண்டு இறுகும். சங்கிலியைப் பல்லின் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து சக்கரத்தை முன்பக்கம் தள்ளினால் கழன்றுவிடும். கருவியே வேண்டாம். தெருவில் நிற்கிற சைக்கிளில் திருடர்கள் பல்லைக் கழற்றுவது இப்படித்தான் என்று சொல்லி, பட்டறைக்காரர்கள் அதற்குத் திருட்டுச் சுத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். கையில் வலுவில்லாதவன் செய்கிற வேலை. அவளும் எத்தனையோ பேரை அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாள்.

மணிக்கட்டு அவளிடம் சொல்லிக்கொண்டு கெடவில்லை. முதலில் கட்டைவிரல் மரத்தது. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது விரல்கள் கேட்காமல் விட்டன. சாட்டையை அழுத்தும்போது தோளிலிருந்து வருகிற பலம் மணிக்கட்டு வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் தேய்த்தாள், துணி கட்டினாள், சட்டைக் கையை இழுத்துவிட்டு அந்தத் துணியை மறைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மாலை, ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும், வண்டி ஓட்டுகிற பையன் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இன்னைக்கு சிக்னல்ல காலை இறுக்குனேன். பெடல் நின்னுடுச்சு, வண்டி நிக்கல."

"அப்புறம்?"

"செருப்ப டயர் மேல வெச்சுத் தேய்ச்சேன். லாரிக்கு ஒரு முழம் முன்னாடி நின்னேன். லாரிக்காரரு எங்க குடும்பத்துல ஒருத்தர் விடாம விசாரிச்சாரு." காலைத் தூக்கிக் காட்டினான். "பாதி செருப்புதான் வீட்டுக்குப் போகுது."

அவள் வண்டியை வாங்கிப் பார்த்தாள். பல் கையாலேயே திரும்பியது. முந்தின நாள் அவள் இறுக்கிய பல்.

"நேத்து இறக்கத்துல ரொம்பத் தடுத்துட்டேன் போலக்கா. என் தப்புதான்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கடித்துக்கொள்ளவில்லை. அவன் தலையாட்டிவிட்டு, மீதிச் செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மதியம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வெளியில் போன பிறகு, டயர் அடுக்குக்குப் பின்னால் அவன் விட்டுப்போயிருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பெயின்ட் உரியாமலிருக்கக் குழலின் மேல் ஒரு துணியைச் சுற்றினாள். சங்கிலியைச் சுற்றினாள். சக்கரத்தை இழுத்தாள். இழுத்ததாகவே தெரியவில்லை. கறக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு சாட்டையைப் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அவள் இளமையில் இறுக்கிய எந்தப் பல்லும் அப்படி இறுகியதில்லை. சக்கரம் அத்தனை பெரிய நெம்புகோல். அதைப் பார்த்து நிம்மதி வந்திருக்க வேண்டும். அவளுக்கு யாரோ பார்த்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

அதற்குப் பிறகு எல்லா வண்டிக்கும் அதுதான். முன்னால் மேசைக்கு மேலே சுவரில் சாட்டையை எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டிவைப்பாள். வேலை நடப்பதோ டயர் அடுக்குக்குப் பின்னால். யாராவது வருகிற காலடி கேட்டால் சங்கிலியை உதறிவிட்டு டியூப் ஒட்டுகிறவள் போல உட்கார்ந்துகொள்வாள். அவசரத்தில் துணி சில நேரம் நகர்ந்துபோகும். சில நேரம் போடவே மறந்துபோகும்.

அந்த வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன் அவள் கொழுந்தன். கணவரின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே மாடி அறையில் இருப்பவன். கம்பெனி எல்லா வண்டிகளுக்கும் ஒரே மஞ்சள் நிறம் அடிக்க ஆள் தேடியபோது, "என் கொழுந்தன் இருக்கான் சார். அவன் அடிச்ச இடத்துல ஈ உக்கார யோசிக்கும்" என்று மேலாளரிடம் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். பொய்யில்லை. அடிப்பூச்சான பிரைமர் காய்ந்ததா என்று அவன் தொட்டுப் பார்க்க மாட்டான், மோந்து பார்ப்பான். பட்டறையை ஒட்டி அவன் பெயின்ட் அடிக்கும் அறையில் யாரும் துணி உதறக்கூடாது.

"அண்ணி, தும்மறதா இருந்தா தெருவுக்குப் போய்த் தும்மிட்டு வாங்க."

"என் மூக்குக்கு நீ என்னடா உத்தரவு போடறது, பெரிய கலெக்டரு?"

"மூக்கு உங்களது. காத்து என்னுது."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் மேலாளர் வண்டிகளைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். கவிழ்த்த வண்டிகளில் பெடல் குழலுக்கு அடியில் மஞ்சள் பெயர்ந்து, பெயர்ந்த இடமெல்லாம் துரு வழிந்திருந்தது. ஒன்றிரண்டு வண்டி என்றால் கல் தெறித்தது என்று விட்டிருப்பார். பாதிக்கு மேல் அப்படி இருந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். ஒரு வண்டியில் நகத்தால் வருடிப் பார்த்தான். அடுத்ததில் பார்த்தான். மூன்றாவதற்குப் போகவில்லை. நிமிர்ந்தவன் கண் ஒரு நொடி அவள் நின்ற பக்கம் வந்துவிட்டுப் போனது.

"என்னய்யா இது?" என்றார் மேலாளர்.

"பிரைமர் சரியாக் காயல சார். அவசரப்பட்டு மேல் கோட் அடிச்சுட்டேன்."

அவன் வாழ்க்கையில் அவசரப்பட்டதே இல்லை. அது அவளுக்குத் தெரியும். பட்டறைச் சுவரோரம், சாட்டைக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். வாயைத் திறக்க ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை இழுத்தாள், அப்படியே விட்டாள்.

"நல்ல ஆளுன்னு சொன்னாங்க" என்றார் மேலாளர். "புதுசா வர்ற ஃபிரேமெல்லாம் வெளியில குடுத்துடறேன். இருக்கறத முடிச்சுக் குடுத்துட்டு நீ வேற இடம் பாத்துக்க."

"சரிங்க சார்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள் கணவருக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது.

"என்னடா, மழையில கரையற பெயின்டா அடிச்ச? சோப்பு போட்டுக் கலந்தியா?"

கொழுந்தன் சிரித்தான். "ஆமாண்ணே. வண்டி தானே குளிச்சுக்கட்டுமேன்னு பாத்தேன்."

கணவரும் சிரித்தார். அவள் கொழுந்தன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அவன் போதும் என்று கையைக் காட்டியும் போட்டாள். பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கரண்டியால் சரிக்கட்டப் பார்க்கிறோம். கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவன் கை கழுவப் போனபோது பின்னாலேயே போனாள்.

"நாளைக்கு நான் சார்கிட்ட..."

"எதப் பத்தி அண்ணி?"

முகத்தில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரியாதவன் போல நின்றான். அவன் ஒரு கோபத்தைக் காட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லிவிட்டிருப்பாள். அவன் அவளுக்கு வழியை விட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். சொல்வதற்கா, சொல்லாமலிருப்பதற்கா என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. துண்டு அந்தாண்ட இருக்கு" என்றாள்.

வெளியிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். மேலாளர் அவரைப் பட்டறைக்கே கூட்டிவந்தார். ஓட்டுகிறவர்கள் மழை விடட்டும் என்று உள்ளே ஒதுங்கி நின்றிருந்தார்கள், ஒல்லியும்தான். வந்தவர் பெயர்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து உதட்டைப் பிதுக்கினார்.

"எவன் சார் அடிச்சது? ஜன்னல் கம்பிக்குக்கூட இப்படி அடிக்க மாட்டாங்க."

கொழுந்தன் தன் அறை வாசலில் ஸ்ப்ரே கன்னைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சிபாரிசு பண்ண ஆளு. சொந்தக்காரரு வேற. நாளைக்கு மனசுல வெச்சுக்கக் கூடாது பாருங்க. நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. வேலை சரியில்லதானே?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைத்தான் கேட்டார். இத்தனை நாள் பேசாமலிருந்தது ஒரு கணக்கு. இது வேறு.

"அந்த வண்டிய எடுறா" என்றாள் ஒல்லியிடம். "உன் வண்டிதான்."

பட்டறையின் நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் அதை ஸ்டாண்டில் மாட்டினாள். சுவரில் மாட்டியிருந்த சாட்டையைத் தொடவில்லை. பூட்டு வளையத்தை இளக்கினாள். அச்சு நட்டைத் தளர்த்தி, சங்கிலியை முன்பல்லிலிருந்து இறக்கினாள். மரத்த விரலிலிருந்து சங்கிலி ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, துணி எதுவும் வைக்காமல், வெறும் மஞ்சளின் மேல் குழலைச் சுற்றிப் போட்டாள். சக்கரத்தை இழுத்தாள். கறக் என்றது. சங்கிலியை அவிழ்த்துவிட்டு வண்டியைச் சாய்த்துக் காட்டினாள். பழைய துருத் தழும்புக்குப் பக்கத்தில் புதுத் தழும்பு, ஈரமில்லாமல், பளிச்சென்று.

"நான்தான் சார். எல்லா வண்டியும் நான்தான். மழைக்கு முன்னாடியிலேருந்தே. கை போயிடுச்சு. சாட்டை பிடிக்க முடியல. திருட்டுச் சுத்து போட்டேன். அவன் பெயின்ட்ல ஒரு குறையும் இல்ல."

சொல்லி முடித்துவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். எத்தனை வருஷம் அவள் சிரித்திருக்கிறாள், இப்போது அவர்கள் முறை.

ஒல்லி தலையைச் சொறிந்தான். "இவ்வளவுதானாக்கா? நாங்க ரோட்ல பல்லு இளகுனா இப்படித்தான் இறுக்கிக்கறோம். சாட்டைய முதுகுலயா கட்டிட்டுப் போக முடியும்?"

"திருட்டுச் சுத்துன்னா என்ன?" என்று வண்டி ஓட்டுகிற ஒருத்தி கேட்டாள். அந்தப் பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை.

"இறுக்கமா நிக்குதா?" என்றார் மேலாளர்.

"சாட்டையவிட நிக்கும் சார்."

"அப்புறம் என்ன? எதாச்சும் கீழ வெச்சு செய்யுங்க." வெளியிலிருந்து வந்தவரிடம் சங்கடமாக ஏதோ சொல்லி அவரை அனுப்பிவைத்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "நீ ஏன்யா காயலன்னு சொன்ன?"

"தெரியல சார்" என்றான் அவன்.

"நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார். வேலை அவனுக்கே என்று ஆனது. மழை விட்டதும் ஓட்டுகிறவர்களும் போய்விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. கேலி செய்ய ஆளே இல்லாத ஒரு கேலிக்குப் பயந்துதான் அவனை அத்தனை நாள் தலைகுனிய விட்டிருக்கிறாள். சங்கிலியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் வந்தான். அந்தப் புதுத் தழும்பில் விரலை வைத்தான்.

"முதல் நாளே தெரியும் அண்ணி. சங்கிலிக் கண்ணி அப்படியே பதிஞ்சிருந்துச்சு. வெளித்தகடு பட்ட எடம் ஆழமா, உள்தகடு பட்ட எடம் லேசா. காயாத பெயின்ட்டு இப்படி வரிசை பிடிச்சுப் பெயராது."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க என்னைக் கேட்டிருக்கலாம்." குரல் உயரவில்லை. "கை வலிக்குதுன்னு சொல்லலன்னா பரவால்ல, அது உங்க கை. பெயின்ட்டு பெயராம என்ன பண்றதுன்னு எங்கிட்டதானே கேக்கணும்? பக்கத்து ரூம்லதானே இருக்கேன்?"

அவன் கிழிந்த டியூபுகளின் குவியலில் தடித்ததாக ஒன்றைத் தேடி எடுத்தான். நீளவாக்கில் வெட்டி, உள்பக்கம் படிந்த வெள்ளை மாவைத் துடைத்து, குழலின் மேல் இரண்டு மடிப்பாகச் சுற்றினான். "இப்பப் போடுங்க" என்றான். அவள் சங்கிலியைப் போட்டு இழுத்தாள். ரப்பர் பிதுங்கியது. கழற்றிப் பார்த்தார்கள். மஞ்சளில் ஒன்றுமில்லை. "துணி வழுக்கும். இது வழுக்காது" என்றான், அவ்வளவுதான்.

பெயர்ந்த வண்டிகளையெல்லாம் அவன் தேய்த்து, பிரைமர் அடித்து, மோந்து பார்த்து, மறுபடி மஞ்சள் அடித்தான். அவை ஒவ்வொன்றாகப் பட்டறைக்குத் திரும்பி வந்தன. இப்போது அவள் நடுப்பட்டறையிலேயே ரப்பரைச் சுற்றி, சங்கிலியைச் சுற்றி, சக்கரத்தை இழுக்கிறாள். ஒல்லி வேடிக்கை பார்த்துவிட்டு, "நாங்க ரப்பர் போடறதில்லக்கா, நீங்க பணக்காரங்க" என்கிறான். அவளும் பதிலுக்கு ஏதோ சொல்கிறாள்.

ஒவ்வொரு வண்டி முடியும்போதும் கொழுந்தன் தன் அறையிலிருந்து வருகிறான். யாரும் கூப்பிடுவதில்லை. மேலாளர் சொன்னதும் இல்லை. வண்டியைச் சாய்த்து, முட்டி போட்டு, பெடல் குழலின் அடியைப் பார்க்கிறான். கடுமையாக ஒன்றும் சொல்வதில்லை. சரியாக இருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. அவன் பார்க்கிற வேலையை அவன் பார்க்கிறான். அடியில் வெளிச்சம் போதாது என்பதால் டார்ச்சை அவள்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. விளக்கை நேராகப் பிடித்துக்கொண்டு, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.